ஓலை வாசிக்கும் முன் மகனுக்குச் சொல்ல வேண்டியது

வருகிற ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிப் பூசையில் சாமியார் உன் பெயரையும் ஜெனியின் பெயரையும் சேர்த்து முதல் ஓலை வாசிப்பார். இந்த இருவரும் மணம் முடிக்கத் தடை ஏதாவது இருப்பது யாருக்காவது தெரிந்தால் பங்குச் சாமியாரிடம் வந்து சொல்ல வேண்டும் என்று முடிப்பார். ராயபுரத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்த வரி எத்தனையோ தடவை காதில் விழுந்திருக்கிறது. யாரும் எழுந்து போய்ச் சொல்லி நான் பார்த்ததில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால், ஒரு திங்கட்கிழமை காலை, அப்படிச் சொல்வதற்காகச் சாமியார் பங்களா கேட் வரைக்கும் போனவன் நான். அதுவும் சொந்த மகனைப் பற்றி. இது உனக்குத் தெரியாது. நான் உன்னைச் சந்தேகப்பட்டேன் என்பது மட்டும்தான் உனக்குத் தெரியும். எவ்வளவு தூரம் சந்தேகப்பட்டேன், ஏன் பட்டேன் என்று நீ கேட்டபோதெல்லாம் பேச்சை மாற்றிவிட்டேன். வாயால் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

வினோத் என்று இதில் எழுதியிருப்பது உன் நண்பனின் உண்மையான பெயர் இல்லை என்பது உனக்குத் தெரியும். எழுதியதை அவனுக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் மேலே எழுதினேன். "பேரை மட்டும் மாத்திக்க அங்கிள். மத்தத அப்படியே உடு. நம்ம ஏரியா பசங்க படிக்கட்டும்" என்றான். அதனால் இது உனக்கு எழுதிய கடிதம்தான் என்றாலும் உன் வயதில் இருக்கும் யார் படித்தாலும் எனக்கு மறுப்பில்லை.

ஆரம்பம், உன் கல்யாணக் கோட்டுக்கு அளவு கொடுக்கப் போன அன்றைக்கு. டெய்லர் உன் சட்டைக் கையை மடித்துவிட்டபோது இடது முழங்கையின் உள்மடிப்பில் நீலம் பாரித்த ஒரு புள்ளி தெரிந்தது. நடுவில் ஊசி குத்திய தடம். "இன்னாடா இது?" என்றேன். "கொசு நைனா" என்று சட்டென்று கையைத் தொங்கவிட்டாய். கொசு கடித்தால் நீலம் பாரிக்காது. இந்தப் பக்கம் பையன்கள் வலி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்வது ஊருக்கே தெரிந்த விஷயம். தண்டையார்பேட்டை குடோன்களின் பின்சுவர் ஓரமாக நடந்தால் காலில் மிதிபடுவதில் பாதி அந்த ஊசிகள்தான். உன் வயதுப் பையன்கள் இரண்டு பேர் அதில் செத்ததைப் பார்த்திருக்கிறேன். நீ பொய் சொன்ன அந்த நொடியில் எனக்குள் ஏதோ ஒன்று திறந்துகொண்டது. அது மூட வெகுநாள் ஆனது.

அன்றிலிருந்து உன்னை வேவு பார்த்தேன். நீ குளித்துவிட்டு வரும்போது துண்டு மறைக்காத இடமெல்லாம் பார்த்தேன். கழற்றிப் போட்ட சட்டையை மோந்து பார்த்தேன். சோற்றைக் குறைத்தாய், கன்னம் ஒட்டியது. கோட்டு சரியாக உட்கார வேண்டும் என்று நீ உடம்பைக் குறைப்பதாக உன் அம்மா சொன்னாள். நான் நம்பவில்லை. வினோத் வந்தால் இரண்டு பேரும் மாடிக்குப் போய்க் கிசுகிசுவென்று பேசுவீர்கள். நான் படியில் கால் வைத்தால் பேச்சு நின்றுவிடும். ஒரு நாள் எண்ணூரில் நீ வேலை பார்க்கும் கன்டெய்னர் யார்டு ஆபீசுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் போனிலிருந்து கூப்பிட்டு, யாரோ மாதிரி உன்னைக் கேட்டேன். "அவரு இன்னிக்கு அரை நாள் லீவு சார்" என்றார்கள். சாயங்காலம் நீ வந்து, "இன்னிக்கு யார்டுல ஒரே பேஜாரு நைனா" என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினாய். நான் தலையை ஆட்டினேன். உன் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "புள்ளைய ஏன் இப்படி போலீஸ்காரன் மாதிரி பாத்துகினு கீற?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

பிறகு உன் பையைத் திறந்தேன். எந்தத் தகப்பனும் செய்யக் கூடாத காரியம், செய்தேன். சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில், கைக்குட்டையில் சுற்றி ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பாட்டில். குலுக்கினால் மாத்திரைச் சத்தம். ஊசிக்குக் கரைக்கும் மாத்திரை அட்டையில் வரும் என்று எனக்குத் தெரியும், இது வேறு. லேபிளில் இருந்த ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு, பாட்டிலை இருந்தபடியே வைத்தேன். நம் தெரு மருந்துக் கடையில் காட்ட முடியுமா? பஸ் ஏறிப் பெரம்பூர் போய், முகம் தெரியாத ஒரு கடையில் சீட்டை நீட்டினேன். கடைக்காரர் படித்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இது யாருக்குங்க?" என்றார். தெரிந்தவருக்கு என்றேன். "இது இங்க கிடைக்காது. கவர்மென்ட் ஆஸ்பத்திரியில இலவசமா தருவாங்க. எச்ஐவிக்குக் குடுக்கிற மாத்திரை. தினம் ஒண்ணு, விடாம சாப்பிடணும்" என்றார். சீட்டைத் திருப்பி வாங்கி மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அந்தக் கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் ஜெனியின் வீடு. அவள் அப்பா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நிச்சயத்தன்று அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "எம்பொண்ண உங்க வூட்டு மேல நம்பிக்கை வச்சுத் தரேன்" என்று சொன்னது ஞாபகம் வந்தது. நோயை மறைத்துக்கொண்டு என் மகன் ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிறான் என்று முடிவே செய்துவிட்டேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றே முடிந்திருக்கும். கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

உன் அம்மாவைக் கட்டுவதற்கு மூன்று வருஷம் முன்பு, எனக்கு இருபத்து நாலு வயதில், துறைமுகத்திலிருந்து வடக்கே சரக்கு ஏற்றிப் போகும் டிரெய்லர் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வண்டிக்கு இரண்டு டிரைவர். எனக்கு ஜோடி துரை என்ற காசிமேட்டுக்காரன். என்னைவிட இரண்டு வயது பெரியவன். நல்ல சிரிப்பு, நல்ல குரல். எல்லை தாண்டி ஒரு இடத்தில் டிரைவர்கள் வண்டியை ஓரங்கட்டுவார்கள். சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் தென்னங்கீற்று போட்ட நாலு அறை. துரைக்கு அங்கே பழக்கம். "தனியா உக்காந்துகினு இன்னா பண்ணப் போற, வா" என்றான். நான் போனேன். ஒரு தடவை இல்லை, ஒரு வருஷத்தில் ஐந்தாறு தடவை. ஆணுறை போட வேண்டும் என்று லாரி ஆபீசில் ஒருவர் வந்து பேசிப் பொட்டலமும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதை டாஷ்போர்டில் போட்டுவைத்துச் சிரித்தோம். உன் கல்யாணத்துக்கு முன் ஒரு தகப்பன் மகனுக்கு எழுதுகிற விஷயமா இது என்று உனக்குத் தோன்றும். எழுதாமல் இருந்ததுதான் இவ்வளவுக்கும் காரணம்.

துரை இளைக்க ஆரம்பித்தான். முதலில் வயிற்றுப்போக்கு, பிறகு விடாத காய்ச்சல், வாயெல்லாம் புண். டி.பி. என்று வீட்டார் சொன்னார்கள். தாம்பரம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் டிரைவர்களுக்குள் உண்மை பரவிவிட்டது. அவன் ஓட்டிய ஸ்டீயரிங்கைத் துணி சுற்றிப் பிடித்தார்கள். நானும்தான். வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்த பிறகு ஒரே ஒரு தடவை பார்க்கப் போனேன். ரொட்டியும் ஆர்லிக்சும் வாங்கிப் போனவன் வாசற்படியில் வைத்துவிட்டு அங்கேயே நின்றேன். உள்ளே கட்டிலில் துணி கிடப்பது போலக் கிடந்தான். "உள்ள வாடா" என்றான். வண்டி நிற்கிறது என்றேன். "நீ டெஸ்ட் பண்ணிக்கினியா?" என்று கேட்டான். நான் படியிறங்கி வந்துவிட்டேன். அவன் என்னிடம் கேட்ட கடைசிக் கேள்வி அது. அடக்கத்துக்குப் போகவில்லை.

மறு வருஷம் உன் அம்மாவைக் கட்டினேன். எங்கள் ஓலையும் இதே கோயிலில்தான் வாசித்தார்கள். தடை இருந்தால் சொல்லுங்கள் என்றபோது தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு முப்பது வருஷம் எனக்குக் காய்ச்சல் வந்தால் அது காய்ச்சல் இல்லை. நாக்கில் கொப்புளம் வந்தால் கண்ணாடி முன் நின்று அரை மணி நேரம் பார்ப்பேன். நீ கைக்குழந்தையாக இருந்தபோது சளி பிடித்தால் உன் அம்மா தைலம் தேய்ப்பாள், நான் வெளியே போய் நின்றுவிடுவேன். துறைமுகத்தில் வருஷா வருஷம் ரத்த தான முகாம் நடக்கும்; அன்றைக்கு எனக்கு மட்டும் வேலை எங்காவது தூரத்தில் இருக்கும். ரத்தத்தை எடுத்தால் சோதித்துப் பார்த்துவிடுவார்களே. இத்தனை வருஷம் உடம்பு தாங்கியிருக்கிறதே, இருந்திருந்தால் எப்போதோ தெரிந்திருக்குமே என்று புத்தி சொல்லும். பயம் புத்தி பேச்சைக் கேட்காது. ஒரு ஊசி குத்தினால் தெரிந்துவிடும் விஷயத்தைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க ஒரு மனிதன் எவ்வளவு உழைக்க முடியும் என்பதற்கு நான் சாட்சி. என்னைச் சந்தேகப்பட்டுப் பழகிய மனசுதான் உன் கையில் ஒரு நீலப் புள்ளியைப் பார்த்ததும் பாய்ந்தது.

இப்போது சாமியார் பங்களா கேட்டுக்கு வருகிறேன். பெரம்பூரிலிருந்து வந்த மறுநாள் அது. கேட்டில் கை வைத்தேன். உள்ளே சாமியார் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என் மகனுக்கு வியாதி, கல்யாணத்தை நிறுத்துங்கள் என்று சொல்ல வேண்டும். "உங்களுக்கு எப்படித் தெரியும், அவன்கிட்ட கேட்டீங்களா?" என்று அவர் கேட்டால்? கேட்கவில்லை என்பேன். "ஏன்?" என்றால்? அங்கேயே நின்றுவிட்டது என் யோசனை. உன்னைக் கேட்டால் நீ என்னைத் திருப்பிக் கேட்பாயோ என்ற பயம். கேட்டை விட்டுவிட்டு வந்தேன்.

மறு வாரம் நீ அரை நாள் லீவு எடுத்த அன்று உன் பின்னாலேயே வந்தேன். நீயும் வினோத்தும் பைக்கில், நான் ஆட்டோவில். அரசு ஆஸ்பத்திரி. மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒரு வராந்தா, நம்பிக்கை மையம் என்று பலகை, எச்ஐவி சோதனை செய்யும் இடம். பெஞ்சில் இருவரும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தீர்கள். தூணுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு நடந்து வந்ததே ஞாபகம் இல்லை, உன் கையைப் பிடித்து முறுக்கியதுதான் ஞாபகம் இருக்கிறது.

"நைனா! நீ இன்னா இங்க கீற?" என்றாய்.

"நீ இன்னாத்துக்குடா இங்க கீற? அந்தப் பொண்ணோட வாழ்க்கைய நாசம் பண்ணப் பாக்குறியா? மாத்திரைய நான் பாத்துட்டேன்டா!"

வராந்தாவில் இருந்த எல்லாரும் திரும்பினார்கள். நீ வினோத்தைப் பார்த்தாய், அவ்வளவுதான். அவன்தான் எழுந்தான். "அங்கிள், அவன உடு. அவனுக்கு ஒண்ணும் இல்ல. மாத்திரை என்னுது. எனக்குத்தான் கீது."

அந்த நிமிஷத்தை உள்ளபடி எழுதுகிறேன். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். பொங்கி வந்த சந்தோஷம். அடுத்த நொடி உன்னை அவன் பக்கத்திலிருந்து இழுத்து என் பக்கம் தள்ளினேன். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். பெஞ்சின் அந்த ஓரத்துக்குப் போய், சுவரை ஒட்டி உட்கார்ந்துகொண்டான். ஆறு வயதிலிருந்து நம் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்த பையன்.

வீட்டுக்கு வந்தபிறகு நீ எல்லாம் சொன்னாய். வினோத்தும் அவன் சிநேகிதர்கள் மூன்று பேரும் சேர்ந்து ஒரே ஊசியில் மாத்திரைக் கரைசல் ஏற்றிக்கொண்டதையும், அதில் ஒருவனுக்குக் காய்ச்சல் வந்து எச்ஐவி என்று தெரிந்ததையும் சொன்னாய். சோதனைக்கு வர வினோத் பயந்ததால் முதலில் நீ கையை நீட்டிக் காட்டியிருக்கிறாய். அந்த நீலப் புள்ளி அதுதான். மாத்திரையை அவன் வீட்டில் வைக்க முடியாததால் உன் பையில் வைத்திருக்கிறாய். நான் கேட்டேனா? "அவன் ஊசி போட்டுகினு திரிஞ்சான், அனுபவிக்கிறான். மாப்பிள்ளைத் தோழனா அவன் நிக்கக் கூடாது. இந்த வூட்டுப் படி ஏறக் கூடாது" என்றேன். அவன் வழக்கமாகத் தண்ணீர் குடிக்கும் எவர்சில்வர் சொம்பை எடுத்து வெளியே வைத்தேன். தண்ணீர்ச் சொம்பில் வராது என்று நீ கத்தினாய். எல்லாம் தெரிந்த மாதிரிப் பேசாதே என்றேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் துரை காலத்தோடு நின்றுவிட்டிருந்தது. உன் கோபத்தில், நான் சொம்பை வெளியே வைத்ததை அவனிடமும் சொல்லிவிட்டாய்.

வினோத் வருவது நின்றது. பார்த்துவந்த வேலையையும் விட்டுவிட்டான். இரண்டாம் மாத மாத்திரை வாங்க வேண்டிய நாளில் அவன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. போன் அணைந்து கிடந்தது. நீ மூன்று நாள் தேடிவிட்டு வந்து என் முன்னால் நின்றாய். "மாத்திரை நின்னா வைரசு பழகிடும் நைனா. அப்புறம் அந்த மருந்து அவனுக்கு வேல செய்யாது. அவன் செத்தா நீதான் காரணம்" என்றாய். உன் அம்மா அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். உனக்குப் பயந்து இல்லை. ஒரு வாசற்படியில் ரொட்டியை வைத்துவிட்டு நின்ற காலை இன்னொரு தடவை நிற்க வைக்க எனக்குத் தைரியம் இல்லை.

திருவொற்றியூரில் அவன் அக்கா வீட்டில் விசாரித்தேன். அவளும் என்னைச் சந்தேகத்தோடுதான் பார்த்தாள். கதவை முழுசாகத் திறக்கவில்லை. கடைசியில், எண்ணூர் முகத்துவாரம் பக்கம் வலை பிரிக்கிற வேலைக்குப் போகிறான் என்றாள். மத்தியான வெயிலில் கரையில் பத்துப் பேர் வலையில் சிக்கிய நண்டைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அவன் மட்டும் கொஞ்சம் தள்ளி, தனியாக. என்னைப் பார்த்ததும் கையிலிருந்த வலையைப் போட்டுவிட்டு எழுந்தான்.

"இன்னா அங்கிள், இங்கயும் சொல்லப் போறியா?"

அவன் கேட்டதில் தப்பே இல்லை. "உக்காரு" என்றேன். நான் மணலில் உட்கார்ந்தேன். அவன் நின்றுகொண்டே இருந்தான். துரையைப் பற்றிச் சொன்னேன். எல்லைக்கு அப்பால் இருந்த நாலு அறையைப் பற்றி, ஓலை வாசித்தபோது குனிந்த தலையைப் பற்றி, முப்பது வருஷம் பண்ணிக்கொள்ளாத சோதனையைப் பற்றிச் சொன்னேன். அதுவரை எந்த மனிதனிடமும் சொன்னதில்லை. பாதியில் அவன் உட்கார்ந்துவிட்டான்.

"ஆன்ட்டிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"என்னிய மட்டும் கலீஜ் மாதிரி பாத்தியே அங்கிள்."

"ஆமாடா. பாத்தேன்."

பிறகு அவனே தன் கதையைச் சொன்னான். எச்ஐவி பொம்பளைகளிடம் போகிறவர்களுக்கு வரும் வியாதி என்றுதான் நினைத்திருந்தானாம். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபோது பையன்கள் எல்லாம் சிரித்தார்களாம். டீச்சரும் அந்தப் பக்கத்தை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள் என்று தாண்டிவிட்டாராம். "நாங்க நாலு பேரும் தோஸ்துங்க அங்கிள். தோஸ்து ஊசில இன்னா வரும்னு நெனச்சோம்" என்றான். உங்கள் தலைமுறைக்கு எல்லாம் தெரியும் என்று நீங்கள் சொல்லும்போது நான் நம்பாததற்குக் காரணம் இந்த ஒரு வரிதான். போனில் எல்லாம் இருக்கிறது, உண்மை. ஆனால் அது யாரோ ஒருவருக்கு வருவது என்று நினைத்துக்கொண்டே படித்தால் படித்ததில் ஒரு புண்ணியமும் இல்லை. நாங்கள் கெட்ட பெண்கள் என்றோம், நீங்கள் நல்ல நண்பர்கள் என்கிறீர்கள். ஆளைப் பார்த்து முடிவு செய்ததில் இரண்டு பேருமே ஏமாந்தோம்.

"எனக்குத் தனியாப் போகப் பயமா கீதுடா. நீ இட்டுகினு போறியா?" என்று கேட்டேன். அவன் நம்பவில்லை. மாத்திரை வாங்க அவனை இழுத்துக்கொண்டு போக நான் போடும் நாடகம் என்று நினைத்தானாம், பிறகு சொன்னான். ஆனாலும் வந்தான்.

மையத்தில் ஆலோசனை சொல்லும் அம்மாவுக்கு உன் அம்மாவின் வயதுதான் இருக்கும். வினோத்தை முதலில் ஒரு பிடி பிடித்தார். நம் வீட்டுக்கு வருவது நின்ற நாளிலிருந்தே, பதினேழு நாளாக அவனுக்கு மாத்திரை நின்றிருந்தது. அதே மருந்தை மறுபடி ஆரம்பித்தார்கள். கொஞ்ச நாள் கழித்து ரத்தத்தில் கிருமி எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்களாம். அந்த முடிவு இன்னும் வரவில்லை. அது நல்லபடி வராவிட்டால் அதில் என் கை இருக்கிறது என்பதை நான் மறைக்கப் போவதில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். பயத்தில் நான்தான் அவரைக் கேள்வி கேட்டுத் துளைத்தேன். ஊசி புதுசா, உறையை என் எதிரில் பிரிப்பீர்களா, பெயரை யாருக்காவது சொல்வீர்களா, முடிவு மாறிப்போகாதா? எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். "முப்பது வருஷத்துக்கு முன்னாடியா?" என்று அவர் கேட்டபோது சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "இவ்வளவு நாள் சுமந்துட்டீங்களே" என்றார்.

ரத்தம் கொடுத்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். வினோத் தன் கையை என் முழங்கால் மேல் வைத்தான். நான் அவனிடமிருந்து உன்னை இழுத்த அதே பெஞ்ச். கூப்பிட்டார்கள். உள்ளே போய் உட்கார்ந்தேன். இல்லை என்றார் அந்த அம்மா. நான் காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மறுபடியும் ஒரு தடவை பார்க்கச் சொன்னேன். "உங்களுக்கு இல்லைங்க. வீட்டுக்குப் போய் வீட்டம்மாகிட்ட பேசுங்க" என்றார். வெளியே வந்து வினோத்திடம் சொன்னபோது அவன் முகத்தில் சிரிப்பு வந்தது, அதற்குப் பின்னால் வேறு ஒன்றும் வந்தது. என்னிடம் இல்லாதது அவனிடம் இருக்கிறதே. ஐந்தாறு தடவை தப்பு செய்த கிழவன் தப்பித்தான், இருபத்தாறு வயதுப் பையன் மாட்டிக்கொண்டான். இதில் ஞாயம் தேடாதே. என் ஒழுக்கத்தாலோ புத்தியாலோ நான் தப்பிக்கவில்லை.

உன் அம்மாவிடம் அன்றைக்கே சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக்கொண்டு கேட்டாள். முடிவுக் காகிதத்தை நீட்டினேன். வாங்கவில்லை. நாலு நாள் என்னோடு பேசவில்லை. சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் காலையில் நல்ல புடவை கட்டிக்கொண்டு கிளம்பினாள். எங்கே என்றேன். "உன் சீட்டு உனக்கு. என் உடம்புக்கு என் சீட்டு வேணும். உன் வார்த்தைய நம்பி இவ்ளோ நாள் இருந்தது போதும்" என்றாள். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று தனியாகப் போய்ப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவளுக்கும் இல்லை. அதைக்கூட என்னிடம் சொல்லவில்லை. அவள் உன்னிடம் சொல்ல, நீ சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. இன்னமும் முழுசாக மன்னிக்கவில்லை. மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவும் இல்லை.

நீயும் ஜெனியும் கல்யாண வகுப்புக்குப் போன அன்றே பேசி, சேர்ந்து போய்ச் சோதனை செய்துகொண்டதைப் பிறகுதான் சொன்னாய். முதலில் கேட்டது அவள்தான் என்றாய். "உன்மேல சந்தேகம் இல்ல, ஆனா பாத்துடலாம்" என்றாளாம். அந்தப் பெண்ணை நன்றாக வைத்துக்கொள் என்று சொல்லத் தேவையில்லை, அவள் தன்னைப் பார்த்துக்கொள்வாள். உனக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். நாளைக்குப் பெரம்பூரில் தனிவீடு போய், பத்து வருஷம் கழித்து எங்காவது கால் தவறினால், தவறக் கூடாது, தவறினால், அன்று சாயங்காலமே அவளிடம் வந்து சொல். அதற்கு முன் மையத்துக்குப் போ. நாள் தள்ளினால் சொல்ல வேண்டியது பெரிதாகிக்கொண்டே போகும். உன் வார்த்தையை அவள் அப்படியே நம்பாமல் சீட்டைக் கேட்டால் கோபப்படாதே.

வினோத் விஷயத்திலும் என் சந்தேகம் லேசில் போகவில்லை. மாத்திரையை விடாமல் சாப்பிட்டு ரத்தத்தில் கிருமி தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், கட்டிக்கொள்கிற பெண்ணுக்குக்கூட அவனிடமிருந்து வராது என்று அந்த அம்மா சொன்னார். கதை விடுகிறார் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரிடம் கேட்டேன்; அதையே சொன்னார். மணலியில் வேறொரு டாக்டரிடம் போய், காசு கட்டி, யாருக்கோ என்று கேட்டேன். அவரும் அதையே சொன்னார். மூன்று பேரும் கூடிப் பேசியிருக்க முடியாது. நம்பிவிட்டேன். கல்யாணத்தன்று உன் பக்கத்தில் தோழனாக அவன்தான் நிற்பான். கோட்டுக்கு அளவு கொடுக்க நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். ஊசியையும் விட்டிருக்கிறான், அதற்கும் மருந்து கொடுக்கிறார்கள். விட்டுவிட்டேன் என்று அவன் சொல்வதை நான் முழுசாக நம்புவதில்லை, அவனுக்கும் அது தெரியும். வாரம் ஒரு தடவை அவனே வந்து இரண்டு கையையும் என் முன்னால் நீட்டிவிட்டு, "பாத்துக்க அங்கிள்" என்கிறான். பார்க்கிறேன்.

என் பழைய விஷயம் உன் அம்மா சொல்லித் தெரிந்த பிறகு, அதைப் பற்றி நீ என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாய். "அம்மாகிட்ட சொல்லாம எப்படி நைனா கட்டிக்கின?" இந்தக் கடிதம் முழுவதும் அதற்குப் பதில் தேடித்தான் எழுதினேன். எழுதி முடித்ததும் உனக்குக் கொடுக்கும் முன் உன் அம்மாவிடம் கொடுத்தேன்; அதன் பிறகு நடந்ததை மட்டும் இங்கே கடைசியாகச் சேர்க்கிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தாள். பிறகு பேனா கேட்டாள். துரையைப் பற்றி எழுதிய இடத்தில், அந்தக் காலத்தில் எங்களுக்கெல்லாம் ஒன்றும் தெரியாது என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதன்மேல் அழுத்திக் கோடு போட்டு அடித்தாள். "தெரியும். சுவரெல்லாம் எய்ட்ஸ் விளம்பரம் எழுதியிருந்தது" என்று ஓரத்தில் எழுதினாள். திருத்தி எழுதும்போது அந்த வரியை எடுத்துவிட்டேன். அதனால் நீ மேலே அதைப் பார்த்திருக்க மாட்டாய். புதுசாக எழுதியதையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதலிலிருந்து கடைசி வரை மறுபடி படித்து, அந்த வரி வேறெங்கும் ஒளிந்திருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டு, மடித்து என் கையில் கொடுத்தாள். "இப்ப குடு அவன்கிட்ட" என்றாள்.